ராகு காலம் முடியக் காத்திருந்த காற்று

பனியைப் பற்றிக் கதைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பனி பிடிக்காது என்று சொல்லவில்லை. அது தன்பாட்டில் விழுகிறது, தன்பாட்டில் கரைகிறது, யாருடைய வீட்டுக் கதிரையிலும் வந்து இருந்துகொண்டு தன் பெருமையைச் சொல்வதில்லை. அதை மிதித்துவிட்டு வந்து நாள் முழுக்கக் கதைக்கிற மனிதரைத்தான் என்னால் சகிக்க முடியாது.

சுவிஸில், ஓல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் திங்கட்கிழமைக் காலையில் எங்கள் ஓய்வறைக்குள் கால் வைக்க ஏலாது. ஒருத்தி முழங்கால் வரை புதுப்பனி என்பாள். மற்றவள், அது வடக்குச் சரிவில் மட்டும்தான், தெற்குப் பக்கம் வெயில் பட்டு மேலே ஓடு கட்டிவிட்டது என்பாள். மூன்றாவது ஆள் ஒரு இளைஞன். முகட்டில் அடித்த காற்று பனியை வழித்துக்கொண்டு போய்விட்டது, கல்லில்தான் சறுக்கினேன் என்று ஏதோ எல்லையில் போரிட்டுத் திரும்பியவன் மாதிரிச் சொல்லுவான். அந்தச் சனி ஞாயிறு முழுக்க நான் ஒரு மாடி நிறையக் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, சூப் ஊட்டியிருப்பேன். மேல் மாடி நிலைமை எப்படி என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர்களுடைய கைப்பேசியில் மலைக்கென்று ஒரு வரைபடம் உண்டு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு எந்தச் சரிவில் பனி பெயர்ந்து விழக்கூடும் என்று காட்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை படி. மூன்றாம் படி என்றால் நடுத்தரம், கவனமாகப் போகலாம் என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் இருந்து விழுந்தவன் நடுத்தரமாகவா சாவான் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஓல்டனில் குளிர்காலம் என்றால் மூடுபனி. கார்த்திகையில் மூடினால் தைப்பொங்கலுக்கும் சூரியனைக் கண்ணில் காட்டாது. முற்றத்தில் பொங்கல் பானையை வைத்துவிட்டு எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று கைப்பேசியில் திசை தேடிய வருசங்களும் உண்டு. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் கிடந்து புழுங்குகிறவர்களுக்கு, மேலே போனால் வெயில் இருக்கிறது என்று தெரிந்தால் கால் நிற்காதுதான். அது வெள்ளைக்காரரின் வியாதி, எங்களுக்குத் தொற்றாது என்று நான் நம்பியிருந்தேன். தொற்றியது. அதுவும் என் வீட்டுக்குள்ளேயே வந்து தொற்றியது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் பார்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறவர், மற்றவர் பஸ் ஓட்டுகிறவர். பெயர் எதற்கு, பார்சல்காரர், பஸ்காரர் என்றே சொல்கிறேன். மூன்று பேருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கீ சறுக்குவதற்குச் சின்ன வயதிலேயே விழுந்து பழகியிருக்க வேண்டும். இவர்களுடைய சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வானத்திலிருந்து விழுந்தது வேறு சாமான். எனவே பனியில் நடப்பது என்று முடிவெடுத்தார்கள். அதற்கென்று ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். சப்பாத்துக்குக் கீழே கட்டிக்கொண்டால் கால் புதையாது, பனியில் வாத்து மாதிரி நடக்கலாம். முதலில் வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு மலிவு விற்பனையில் மூவரும் ஒரே நிறத்தில் சொந்தமாகவே வாங்கினார்கள். அதோடு பனியைப் பற்றிய கதையும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மழைக்குக் குடை எடுத்துப் போகத் தெரியாத மனுசன், இப்போது சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு தென்காற்றின் வேகத்தை எனக்குப் படிப்பிக்கிறார்.

இது வெறும் விசர்க் கூத்தாக இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்தத் தட்டுகள் வாங்குவதற்குக் கொஞ்ச மாதம் முன்னால், இலை கொட்டும் காலத்தில், ரயில் நிலையப் படியில் ஏறும்போது இவருக்கு நெஞ்சு இறுகியது. நல்ல காலம், ஓல்டன் நிலையம். பாதி நாடு ரயில் மாறுகிற இடம், விழுந்தால் தாங்க ஆள் இருக்கும். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் என்னையும் பக்கத்தில் இருத்தி வைத்துத்தான் சொன்னார். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், தட்டையான இடத்தில் நடக்க வேண்டும், கடுங்குளிரில் எதிர்க்காற்றில் மேடு ஏறவே கூடாது. குளிர், காற்று, மேடு. மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் கிடைப்பது மலையில்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதனுக்குத் தோன்றியிருக்காது.

ஊருக்கு என்ன சொன்னார் தெரியுமா? பித்தப்பையில் கல். மகளுக்குக் கலியாணம் பேச வேண்டிய வயது. தகப்பனுக்கு இதய வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் பரம்பரை வருத்தம் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்களாம். சூரிச்சில் வேலை செய்கிற மகள், "ஆரப்பா உங்களை எனக்குக் கலியாணம் பேசச் சொன்னது?" என்று நேரே கேட்டாள். அது அவருடைய காதில் ஏறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் சோறு போதாமல் அதன்மேல் குழம்பும் ஊற்றப்பட்டது. பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வலது விலாவைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவார். பித்தப்பை வலது பக்கம் என்று இணையத்தில் தேடிப் பார்த்து வைத்திருந்தார். பார்சல்காரர் தோடம்பழங்களோடு வந்து, "எத்தினை கல்லு அண்ணை?" என்று கேட்டார். "ரெண்டு," என்றார் இவர். சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மை.

பித்தப்பைக் கல் எடுத்தவன் கொஞ்ச நாளில் மலை ஏறலாம். அந்தப் பொய்யில் இருந்த ஓட்டை அதுதான். தை மாதத்தில் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் போகேலாது," என்றேன்.

"போகாட்டி ஏனெண்டு கேப்பாங்கள்."

"கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ."

"உள்ளதைச் சொன்னால் நாளைக்கு லண்டன் வரைக்கும் தெரிஞ்சிடும். நீர் சும்மா இரும். நாலு மணித்தியாலம் வெயில் பாத்திட்டு வாறம்."

"மேலை போய் ஏதும் நடந்தால் நான் என்ன சொல்லுறது? பித்தப்பையால செத்தவர் எண்டோ?"

தட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவர்களுக்கு முன்னால் ஆரோக்கியமான ஆம்பிளையாக நடக்கவும் வேண்டும், வீட்டுக்கு உயிரோடு வரவும் வேண்டும். தனியே விட எனக்குத் துணிவில்லை. வேலையில் மாற்றம் கேட்டு, அந்தச் சனிக்கிழமை நானும் வாடகைத் தட்டு ஒரு சோடியோடு கிளம்பினேன். எனக்கு அவருடைய பெருமையும் வேண்டாம், மலையும் வேண்டாம். அவர் வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க மூவரும் மாறி மாறி வானிலை அறிக்கை வாசித்தார்கள். சனி காலை தெளிவான வானம், காற்று இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு முகடுகளில் ஃப்யோன் வரலாம், கேபிள் கார் நிற்கலாம். ஃப்யோன் என்பது தெற்கே இத்தாலிப் பக்கமிருந்து மலையைத் தாண்டி இறங்குகிற காற்று. பள்ளத்தாக்கில் வெக்கையாக இருக்கும், மேலே முகட்டில் ஆளைத் தள்ளி விழுத்தும். தலையிடி, நித்திரைக் குறைவு, புருசன் பெண்சாதிச் சண்டை எல்லாவற்றுக்கும் இந்த நாட்டில் அதன்மேல்தான் பழி. அறிக்கையின் கருத்து ஒரு பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். காலையில் ஏறு, மத்தியானத்துக்குள் இறங்கு. அதைத்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் வேலையில் நின்றபோது, மூவரும் தனித்தனியே எனக்குத் தொலைபேசியில் விளக்கினார்கள்.

நாங்கள் அடிவாரத்துக் கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது ஒன்பது மணிக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் இருந்தது. மூடுபனி எங்களுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. முன்னால் நீல வானம், ஒரு இலை அசையவில்லை. சுவிஸ்காரர் குடும்பம் குடும்பமாகச் சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கேபிள் கார் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பார்சல்காரர் காரின் பின்கதவைத் திறந்தார். புதுத் தட்டுகள் ஆறும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். பக்கத்துக் காரில் இருந்து இறங்கிய ஒரு குழந்தை தாயின் கையை இழுத்து அதைக் காட்டியது.

நான் என் தட்டை எடுத்தேன். பார்சல்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, பொறுங்கோ. இண்டைக்குச் சனி. ஒம்பதில இருந்து பத்தரை மட்டும் ராகு காலம். இது புதுச் சாமான். முதல் முதல் ராகு காலத்தில கால் வைக்கக் கூடாது."

"அப்ப ஏன் விடிய வெள்ளன எழும்பி வந்தனாங்கள்?"

"வாறதுக்கு ராகு காலம் இல்லைத்தானே."

இதற்கு என்ன சொல்வது? காருக்குள் இருந்தோம். நான் சுட்டுக்கொண்டு போன வடை, கூட்டாளிகளுக்குப் பின்னேரத் தேத்தண்ணிக்கு என்று வைத்திருந்தது, அங்கேயே முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பருவத்தின் மிக நல்ல காலை நேரம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மூவரும் கைப்பேசியில் மேலே உள்ள கமராப் படத்தைப் பார்த்து, "அருமையான வெயில்" என்று புளகாங்கிதமடைந்தார்கள். கதவைத் திறந்து இறங்கினால் அந்த வெயில் நேரிலேயே இருந்தது.

பத்தரை ஆனது. பார்சல்காரர் இறங்கித் தட்டைக் கையில் எடுத்தார். அப்போது பஸ்காரர் வாய் திறந்தார். நேரசூசியில் ஒரு நிமிடம் பிசகினாலும் நெஞ்சு பதறுகிற மனுசன் அவர்.

"நில்லுங்கோ. உது ஊர்க் கணக்கு. இஞ்சை இப்ப சூரியன் உதிக்கிறதே எட்டு மணிக்குப் பிறகு. இந்த நாட்டுப் பஞ்சாங்கத்தின்படி ராகு காலம் இப்பத்தான் தொடங்கியிருக்கு. பதினொண்டு தாண்டித்தான் முடியும்."

"ராகுவுக்கு ஊரென்ன, நாடென்ன?" என்றார் பார்சல்காரர்.

"அப்ப உங்கட வீட்டில விரதத்துக்கு எந்தக் கணக்கில சமைக்கிறவை?"

கார்த் தரிப்பிடத்தின் நடுவில் நின்று இரண்டு பெரிய மனிதர் ராகு பகவானுக்கு வதிவிட அனுமதி இருக்கிறதா என்று சண்டை பிடித்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். "ஏன் சண்டை? ரெண்டையும் கழிச்சுப்போட்டுப் போவம். ஒரு பக்கத்திலயும் குறை இருக்காது." எல்லோருக்கும் அது பெரிய ஞானமாகப் பட்டது. திரும்பவும் காருக்குள் ஏறினார்கள்.

"காத்து மத்தியானம் வருமெண்டு உங்கட போனில போட்டிருக்கு," என்றேன்.

"அது வரலாம் எண்டுதான் போட்டிருக்கு அக்கா," என்றார் பார்சல்காரர். "ராகு கட்டாயம் வருவார்."

காற்று எப்போது வரும் என்று கைப்பேசி சொன்னது, நம்பினார்கள். ராகு எப்போது போவார் என்று கலண்டர் சொன்னது, அதையும் நம்பினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மூன்று தலைக்கும் சேர்த்து ஒரு மூளை இருக்கவில்லை. அந்த நேரம் நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரைத் திருப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு மலைப் பாதையில் கார் ஓட்டப் பயம்.

பதினொன்றரைக்குப் பிறகுதான் இறங்கினோம். கேபிள் கார் வாசலில் நின்ற ஊழியர், காற்று எழும்புகிறது, மேலே அதிகம் சுணங்க வேண்டாம் என்றார். மூவரும் "யா, யா" என்று தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் எதையாவது விளங்காமல் தலையாட்டினால் ஒருதரம் "யா" என்பார்கள். விளங்கியும் கேட்கப் போவதில்லை என்றால் இரண்டுதரம்.

மேலே அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லி எனக்கு என்ன வரப்போகிறது? கீழே மூடுபனி வெள்ளையாகப் பரந்து கிடந்தது. அதற்கு அடியில் எங்கேயோ எங்கள் வீடும், நான் வெள்ளிக்கிழமை தோய்த்துப் போட்ட உடுப்பும் இருந்தன. முகட்டின் ஓரமாகத் தடி நட்டு அடையாளம் வைத்த நடைபாதை ஒன்று போனது. அதன் முடிவில் ஒரு குடில், அங்கே சூப் குடித்துவிட்டுத் திரும்புவது திட்டம். முதல் வேலையாகப் படம் பிடித்தார்கள். தட்டு தெரிய ஒன்று, சந்தனப் பொட்டுத் தெரிய ஒன்று, சட்டைப் பொத்தானைத் திறந்து நெஞ்சை நிமிர்த்தி ஒன்று. பிறகு நடந்தோம். என் வீட்டுக்காரர் முதல் ஆளாக நடந்தார். பித்தப்பை இல்லாதவன் எவ்வளவு வேகமாக நடப்பான் என்று அவர் உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. "மெல்லமாப் போங்கோ" என்று பின்னால் இருந்து சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது.

எங்களோடு அந்தத் திசையில் போனவர்கள் யாருமில்லை. எல்லோரும் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முகத்தைத் துணியால் சுற்றியிருந்த ஒரு சுவிஸ்காரி நின்று, முகட்டில் இருந்து பனி புகை மாதிரிப் பறப்பதைக் கைத்தடியால் காட்டி, இப்போதா போகிறீர்கள் என்று கேட்டாள். பனியைப் பற்றிக் கதைக்கிற ஒருத்தி சொன்னதை வாழ்க்கையில் முதல் முறையாக நான் கவனமாகக் கேட்டேன். பார்சல்காரர் அவளுக்கு இரண்டு "யா" சொன்னார்.

காற்று வந்தபோது சொல்லிக்கொண்டு வரவில்லை. முதலில் கால் மட்டத்தில் பனித்தூளை இழுத்துக்கொண்டு ஓடியது, கணுக்காலைக் காணவில்லை. பிறகு இடுப்பளவு. பிறகு முகத்தில் மணலை அள்ளி எறிந்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் கேபிள் கார்ப் பெட்டிகள் கம்பியில் ஓடாமல் நின்று ஆடின, பிறகு அவையும் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். கேபிள் கார் நிறுத்தப்படுகிறது, எல்லோரும் மேல் நிலையத்துக்குள் வந்துவிடுங்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதுவரை மெல்லிய இறக்கத்தில் இறங்கி வந்திருக்கிறோம் என்பது திரும்பியபோதுதான் விளங்கியது. இப்போது எல்லாம் மேடு, எல்லாம் எதிர்க்காற்று. டாக்டர் சொன்ன மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

ஆளோடு ஆள் கதைக்கக் கத்த வேண்டியிருந்தது. கொஞ்சத் தூரத்தில் என் வீட்டுக்காரர் சப்பாத்து வாரைக் கட்டக் குனிந்தார். இன்னும் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் குனிந்தார். மூன்றாம் தரம் குனிந்தபோது நான் போய் முகத்தைப் பிடித்துத் தூக்கினேன். வார் அவிழவே இல்லை. அந்தக் குளிரில் மேலுதட்டில் வேர்வை, முகம் முழுக்கச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறத்தை நான் வேலையில் எத்தனையோ முகத்தில் கண்டிருக்கிறேன், தலையணையில் கண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் மனுசனின் முகத்திலும் கண்டேன்.

"நோகுதோ?"

"சத்தம் போடாதையும்," என்றார் காதுக்குள். "அவங்களுக்குக் கேக்கும்."

செத்துப்போகிற நேரத்திலும் இந்த மனுசனுக்கு அவங்களுக்குக் கேட்கும் என்ற கவலை. அவரைப் பனியில் இருத்தினேன். நெஞ்சு இறுகினால் அடிப்பதற்கென்று ஆஸ்பத்திரியில் தந்த சின்ன ஸ்ப்ரேப் போத்தல் எப்போதும் அவருடைய ஜாக்கெட்டில் இருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி ஒவ்வொரு பொக்கற்றாகத் தேடினேன். திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. கைக்குட்டை இருந்தது. பாதி வடை இருந்தது.

"ஸ்ப்ரே எங்கை?"

"கார்ல. டாஷ்போட்டுக்கை. படம் எடுக்கேக்க அவங்கள் கண்டிடுவாங்கள் எண்டு..."

எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. நான் எழும்பி நின்று காற்றையும் மீறிக் கத்தினேன்.

"இவருக்கு நெஞ்சு வருத்தம்! கேக்குதோ? ஹாட்! ரெண்டு ஸ்டென்ற் வைச்சது. பித்தப்பையுமில்லை, கல்லுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மருந்தைக் கார்ல வைச்சிட்டு வந்திருக்கிறார்!"

கீழே இருந்து இவர் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார். பஸ்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். பார்சல்காரர் முன்னால் வந்தார். பல்லால் கடித்துக் கையுறையை இழுத்தெறிந்தார், அதைக் காற்று கொண்டுபோனது. ஜாக்கெட்டைத் திறந்து, அதற்குள்ளே இன்னொரு சட்டையைத் திறந்து, உள்பொக்கற்றின் சிப்பை இழுத்து என் கையில் ஒன்றை வைத்தார். அதே ஸ்ப்ரே. அதே கொம்பனி, அதே சின்னப் போத்தல்.

"அடியுங்கோ அக்கா," என்றார். "பிறகு கதைப்பம்."

அடித்தேன். என் ஜாக்கெட்டுக்குள் என் மனுசனின் தலையை வைத்து அணைத்துக்கொண்டேன். மற்றக் கையால் அவசர இலக்கத்தை அழுத்தி, எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். வேலையிடத்துச் சொற்கள் எனக்குத் தடுமாறாது. அந்தக் காற்றில் ஹெலிகொப்டர் பறக்காது, பனியில் ஓடும் மோட்டார் வண்டி வருகிறது, அசையாமல் இருங்கள் என்றார்கள். பார்சல்காரரும் பஸ்காரரும் காற்றுப் பக்கம் முதுகைக் காட்டி, ஜாக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களை மறைத்து நின்றார்கள். பார்சல்காரரின் வெறும் கை சிவந்து பிறகு வெளுத்தது. அதற்காக மட்டும் இவர்களை மன்னிக்கலாம் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு எத்தினை வைச்சது?" என்று பார்சல்காரரிடம் கேட்டேன்.

"ஒண்டு."

பஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குப் பிரஷர் மட்டும்தான்," என்றார், சோதனையில் புள்ளி குறைந்த பெடியன் மாதிரி. மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வருசக் கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கோயிலுக்குப் போய், ஒன்றாகப் பிள்ளைகளை வளர்த்த மூன்று பேர். மலையில் எந்தச் சரிவில் பனி பெயரும் என்று ஒருவருக்கொருவர் படம் அனுப்புவார்கள். தங்கள் நெஞ்சுக்குள் எது அடைத்திருக்கிறது என்று மட்டும் ஒருவர் மற்றவருக்கு மூச்சு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் இவருடைய உதட்டில் நிறம் திரும்பியது. வண்டி வந்தது. சிவப்பு உடுப்புப் போட்ட இருவர் இவரைச் சுற்றிக் கட்டி இழுவைப் படுக்கையில் ஏற்றும்போது, கழற்றி வைத்த தட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்து ஒருவர் இரத்தமா என்று கேட்டார். இல்லை, புத்தி என்று சொல்ல வாய் வந்தது. பேசாமல் ஏறினேன்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் புதிய சேதம் இல்லை, நேரத்துக்கு மருந்து போயிருக்கிறது என்றார்கள். நான் நடைபாதைக் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. பார்சல்காரர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அக்கா, ஒரு உதவி. எங்கட வீட்டில இது தெரியாது."

"எது தெரியாது?"

"எனக்கு வைச்சது. போன வருசம் அவ பிள்ளையளோட ஊருக்குக் கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கேக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வைச்சிட்டு வந்திட்டன். சொன்னால் பயந்து போவா. நீங்கள் சொல்லிப் போடாதேங்கோ."

நான் அவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரராவது ஊருக்குத்தான் மறைத்தார். இந்த மனுசன் பக்கத்தில் படுக்கிறவளுக்கே மறைத்திருக்கிறார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் மனுசனைக் காப்பாற்றிய கை அது, அதன் கட்டை மட்டும் சரிசெய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சில நாள். இவர் சோபாவில் போர்வையோடு இருந்தார், பக்கத்து மேசையில் ஸ்ப்ரே எல்லோருக்கும் தெரியும்படி. தொலைபேசி அடித்தது. பார்சல்காரரின் மனைவி.

"அக்கா, அண்ணைக்கு இப்ப எப்பிடி? உண்மையா மலையில என்ன நடந்தது? இவர் வந்த நாளில இருந்து ஒரு மாதிரி இருக்கிறார். சாப்பாடும் இல்லை. என்னெண்டு கேட்டால் காத்து, காத்து எண்டுறார்."

சோபாவில் இருந்து என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே. கூட்டாளியின் மானம். நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். அவை இன்றைக்கு ஆடுகின்றன என்றால், அன்றைக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள் என்பதால்தான். இந்தப் பெண் நாளைக்குத் தன் குசினியில் மனுசன் சரிந்து விழுந்தால் எங்கே தேடுவாள், எதைத் தேடுவாள்? எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் அருவருப்பு வந்தது. அவள்மேல் மட்டும் பாசம் வந்தது.

"உங்கட மனுசன்ர மலைக்குப் போற ஜாக்கெட் எங்கை கிடக்கு?" என்று கேட்டேன்.

"அலுமாரிக்கை. ஏன் அக்கா?"

"அதுக்கு உள்ளுக்குப் போடுற சட்டையில உள்பொக்கற் ஒண்டு இருக்கு. பாருங்கோ."

அவள் தொலைபேசியை வைக்காமலே போனாள். அலுமாரிக் கதவு திறந்தது கேட்டது. சிப் இழுபட்டது. அழுவாள், இல்லாவிட்டால் அவரைத் திட்டுவாள், இல்லாவிட்டால் இதை ஏன் சொன்னாய் என்று என்னைத்தான் திட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். சோபாவில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா," என்றாள். "இதை எங்கை அடிக்கிறது?"

"முதல்ல ஆளை இருத்துங்கோ," என்றேன். "பிறகு நாக்குக்குக் கீழை."